ஸ்க்ரூ சரி, திசை எங்கே?

"ஸ்க்ரூ போடாம கோரைப்பல்லைக் கீழ இறக்குறதெல்லாம் அந்தக் காலம் பாஸ்."

இந்த ஒரு வரியை இந்த வருடத்தில் மட்டும் எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. ஒரு தடவைக்கு ஒரு ரூபாய் என்று வசூலித்திருந்தால் ஹோப் காலேஜ் பேக்கரியில் ஒரு மாத டீக்குத் தேறியிருக்கும். கருத்தரங்கில் சொல்கிறார்கள். கிளினிக் வாசல் பலகையில் எழுதி வைக்கிறார்கள். போன வருடம் வரைக்கும் கம்பி வளைத்துப் பழகிக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழர்களே இப்போது இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் பெரிய தகராறு இருக்கிறது. அதைத்தான் கொட்டப் போகிறேன்.

இன்ஜினியரிங் படிக்கிற நண்பர்கள் "பல்லு மேட்டரா, ஆளை விடு சாமி" என்று ஓட வேண்டாம். பாதி மேட்டர் உங்களுடையதுதான். நியூட்டன், நெம்புகோல், ஃபவுண்டேஷன் போல்ட்... எங்களை விட நீங்கள் சீக்கிரம் பிடித்துவிடுவீர்கள். சொல்லப்போனால் எங்கள் ஆட்கள் அதை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் புகாரே.

முதலில் பல். கோரைப்பல், சிங்கப்பல் என்று இரண்டு பேர் இதற்கு. முன்பல் வரிசை முடிந்து வாய் வளைகிற மூலையில் நிற்கும். வாயிலேயே நீளமான வேர் இதற்குத்தான். மேல்தாடைக் கோரைப்பல் குழந்தை பிறந்த நாலைந்து மாதத்தில் உருவாக ஆரம்பித்து 11, 12 வயதில்தான் வெளியே எட்டிப் பார்க்கிறது. மூக்குக்குப் பக்கத்திலிருந்து அத்தனை வருடம் நடந்து வர வேண்டும். வருவதற்குள் பக்கத்துப் பற்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். காந்திபுரத்திலேயே நிறைந்து வந்த பஸ்ஸில் பீளமேட்டில் ஏறுகிறவன் நிலைமை. சிலருக்கு சீட் காலியாக இருந்தும் வழி தவறி அண்ணத்துப் பக்கம் படுத்துக்கொள்ளும். ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் மாட்டிக்கொள்வது இந்தப் பல்தான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகிறது. பையன்களை விடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மாட்டிக்கொண்டால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கலாம். இருக்காது. உள்ளே படுத்திருக்கிற கோரைப்பல் பக்கத்து முன்பல்லின் வேரைக் கரைத்துவிடும். வலிக்காது, வீங்காது, ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முன்பல்லுக்கு வேர் பாதிதான் இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதை விட சி.டி.யில் இன்னும் நிறைய பேருக்கு இது தெரிகிறது என்பதை ஸ்வீடனின் எரிக்சனும் குரோலும் 2000-லேயே காட்டிவிட்டார்கள். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு ஆரோக்கியமான முன்பல் ஒன்று போகப் போகிறது என்று அம்மாவிடம் சொல்கிற வேலை இருக்கிறதே, அது கொடுமை. ஆகவே இது அழகு மேட்டர் மட்டும் கிடையாது.

வைத்தியம் சொல்வதற்கு எளிது. ஈறைத் திறந்து, பல்லின் மேல் சின்னதாக ஒரு பட்டனை ஒட்டி, அதில் ஒரு செயினைக் கட்டி வெளியே விடுவார்கள். பிறகு ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது க்ளிப் போடுகிற டாக்டர், மாதா மாதம் அந்தச் செயினை மெதுவாக இழுப்பார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி.

வாளியை எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் பிரச்சினையே. அவர் நிற்கிற இடம் உறுதியாக இல்லாவிட்டால் வாளி மேலே வராது, அவர் கிணற்றுக்குள் போவார். நியூட்டனின் மூன்றாம் விதி. பல்லை 60 கிராம் விசையில் கீழே இழுத்தால், எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறோமோ அதை அதே 60 கிராம் மேலே தள்ளும். அந்தப் பிடிமானத்துக்குத்தான் எங்கள் பாஷையில் ஆங்கரேஜ் என்று பேர்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் வெளிவந்தது இந்தப் பீளமேட்டில்தான் என்று பெருமை பேசுகிற ஊர் இது. ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு பேரைச் சொன்னால் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்கும். பெட் சரியில்லாமல் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும் என்று இங்கே எந்தப் பட்டறை அண்ணனைக் கேட்டாலும் சொல்வார். தண்ணி வரும் முன்னாடி மோட்டார் நடக்க ஆரம்பித்துவிடும் :-)

அப்படியானால் வாயில் எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது? இதில்தான் கட்சி பிரிகிறது.

எளிய வழி, மற்ற எல்லாப் பற்களையும் தடிமனான ஒரு ஸ்டீல் கம்பியில் கட்டி ஒரே கூட்டமாக்கி, அந்தக் கூட்டத்தைப் பிடித்து இழுப்பது. பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை இழுக்கிற கதை. ஆனால் விசை பத்துப் பேருக்கும் சமமாகப் பிரியாது, பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் அதிகம். கம்பி மெலிதாக இருந்தால் பக்கத்து முன்பல்லும் முன்கடைவாய்ப்பல்லும் மேலே போய், சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தெரியும். இதைச் செய்துவிட்டு "ஆங்கரேஜ் போயிடுச்சு" என்று சொல்வது எங்கள் துறையில் வழக்கம். அதுவாகப் போகவில்லை ஐயா, நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள்.

இரண்டாவது, டி.பி.ஏ. என்கிற அண்ணக் கம்பி. இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களையும் அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பியால் இணைப்பது. கோஷ்கேரியன் 1972-ல் கொண்டுவந்தது. எதிரெதிரே நிற்கிற இரண்டு தென்னை மரங்களை ஒரு சட்டத்தால் இணைத்த மாதிரி. ஒன்று சாய வேண்டுமானால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் சாய வேண்டும். இதிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை நீட்டி கோரைப்பல்லை இறக்கலாம். ஜேகோபி 1979-ல் சொன்ன பாலிஸ்டா ஸ்பிரிங் இந்த வகையில் பிரபலம். பழைய ரோமானியப் படைகள் கல் எறியப் பயன்படுத்திய கவண் பொறியின் பேரை அதற்கு வைத்தார். பர்ஸ்டனும் கோல்ட்பெர்கும் 1980-ல் பீட்டா டைட்டானியம் கம்பியை அறிமுகப்படுத்திய பிறகு, மென்மையாக, நீண்ட நாள் இழுக்கிற நீள ஸ்பிரிங்குகள் செய்வது இன்னும் சுலபமாகிவிட்டது.

மற்றதெல்லாம் வேகமாகத் தாண்டிவிடலாம். நான்ஸ் பட்டன் என்று அண்ணத்தில் ஒரு அக்ரிலிக் பொத்தானை வைப்பார்கள். கோரைப்பல் அண்ணத்தில் படுத்திருக்கிற கேஸில் அது பெரும்பாலும் வேலை நடக்க வேண்டிய இடத்தின் மேலேயே உட்காரும், அடியில் சோறும் தங்கும். தலையில் மாட்டுகிற ஹெட்கியரை எந்தப் பத்தாம் வகுப்புப் பெண் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்? கீழ்த்தாடைப் பற்களுக்கு ரப்பர் மாட்டி இழுப்பது பிள்ளையின் ஒழுக்கத்தை நம்பி நடத்துகிற வைத்தியம். விளைவு சொல்ல வேண்டியதில்லை. 1991 வாக்கில் காந்தம் கூட வைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

கடைசியாக நம்ம ஹீரோ, மினி ஸ்க்ரூ. பல்லை விட்டுவிட்டு நேராக எலும்பிலேயே ஒரு திருகை இறக்கிப் பிடித்துக்கொள்வது. யோசனை புதிதல்ல. 1945-ல் கெய்ன்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் வைட்டாலியம் திருகு வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் எல்லாம் கழன்று விழுந்தன. 1983-ல் கிரீக்மோரும் எக்லண்டும் மனிதருக்கு மூக்கடி எலும்பில் ஒரு திருகு வைத்து முன்பற்களை மேலே தூக்கிக் காட்டினார்கள். 1997-ல் ஜப்பானின் கனோமி 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குட்டித் திருகை எழுதிய பிறகுதான் வெள்ளம் திறந்தது. சந்தேகமே வேண்டாம், எங்கள் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. சில கேஸ்களை ஆபரேஷனிலிருந்தே காப்பாற்றியிருக்கிறது. நான் ஸ்க்ரூவுக்கு எதிரி இல்லை. ஸ்க்ரூ பஜனைக்குத்தான் எதிரி.

பஜனைக் கோஷ்டி சொல்வது இது: எலும்பில் இருப்பதால் ஸ்க்ரூ அசையாது, அசையாததால் பக்கத்துப் பல்லுக்குப் பாதிப்பு கிடையாது, ஆகவே புதைந்த கோரைப்பல் என்றாலே ஸ்க்ரூ. மூன்று வாக்கியம், மூன்றிலும் ஓட்டை.

"அசையாது" என்பதை முதலில் பார்ப்போம். 2004-ல் தைவானின் லியோ குழு 16 பேருக்கு வைத்த திருகுகளை அளந்தது. 7 பேருக்கு அவை நகர்ந்திருந்தன, அதிகபட்சம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை. கழன்று விழவில்லை, எலும்புக்குள்ளேயே சாய்ந்திருக்கின்றன. கழன்று போவது தனிக் கணக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 தொகுப்பில் தோல்வி சுமார் 13.5 சதவீதம். அதாவது ஏழெட்டில் ஒன்று. ஏழெட்டில் ஒரு ஃபவுண்டேஷன் போல்ட் கழன்று வரும் என்று சொன்னால் எந்தப் பம்புக் கம்பெனிக்காரர் வாங்குவார்? (அண்ணக் கம்பியும்தான் சில சமயம் பாண்டோடு கழன்று கையோடு வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை "அசையாத ஆங்கரேஜ்" என்று யாரும் விற்கவில்லை.)

அடுத்தது என் முக்கியமான சண்டை. திசை.

ஒரு திருகையும் ஒரு பல்லையும் ரப்பர் செயினால் இணைத்தால் பல் எந்தப் பக்கம் போகும்? திருகு இருக்கிற பக்கம். வேறெங்கும் போகாது. கயிறு இழுக்குமே தவிரத் தள்ளாது, வளைந்தும் போகாது. இது ஐந்தாம் வகுப்புச் சமாச்சாரம். இப்போது வாயைத் திறந்து பாருங்கள். மேல்தாடையில் வெளிப்பக்கமாக, கடைவாய்ப்பல் வேர்களுக்கு நடுவே வைக்கிற ஸ்க்ரூ, பல் வரிசையை விட உயரத்தில் இருக்கிறது. நமக்கோ கோரைப்பல் கீழே இறங்கி வர வேண்டும். மேலே இருக்கிற ஆணியில் கட்டி ஒரு பொருளை எப்படிக் கீழே இறக்குவீர்கள்? பின்னாலே இழுக்கும், அவ்வளவுதான். அண்ணத்தில் வைக்கிற ஸ்க்ரூவும் அப்படியே. அண்ணத்தின் பரப்போடு ஒட்டிப் பின்னால் இழுக்குமே ஒழிய, பல்லைக் கீழேயும் வெளியேயும் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தாது. அதற்கு ஸ்க்ரூவிலிருந்து ஒரு கம்பிக் கையை நீட்ட வேண்டும்.

நீட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கை நீட்டிய உடனே அடுத்த வில்லங்கம் வருகிறது. 60 கிராம் விசை, 20 மில்லிமீட்டர் கை. பெருக்கினால் 1200 கிராம்-மில்லிமீட்டர் திருப்புத்திறன். அது எங்கே போகும்? அந்த ஒற்றைத் திருகின் கழுத்துக்கு. விசையின் திசையைப் பொறுத்து அது திருகை இறுக்கும், இல்லாவிட்டால் கழற்றும். ஸ்பானரைப் போட்டுத் திருப்புகிற வேலையை நாமே ஸ்பிரிங் வைத்து இருபத்து நாலு மணி நேரமும் செய்துகொண்டிருக்கிறோம். அப்புறம் "பேஷன்ட்டுக்கு எலும்பு சரியில்ல" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். இரண்டு திருகு வைத்து ஒரு பட்டையால் இணைத்தால் இந்தப் பிரச்சினை தீரும், நிஜம்தான். ஆனால் இரண்டு திருகு, ஒரு பட்டை, ஒரு ஸ்பிரிங் என்று போனால் செலவும் சிக்கலும் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

அதே 1200-ஐ அண்ணக் கம்பி எப்படித் தாங்குகிறது? ஸ்பிரிங் கோரைப்பல்லை இறக்கும்போது, பிடித்திருக்கிற கடைவாய்ப்பல்லின் தலை முன்னால் சாயப் பார்க்கும், பல் கொஞ்சம் மேலே ஏறப் பார்க்கும். மூன்று வேர் உள்ள பல், எதிர்ப்பக்க மூன்று வேர்ப் பல்லோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. 60 கிராமுக்கெல்லாம் சட்டென்று மசியாது. 2008-ல் ஸப்லோக்கியும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு, பல் பிடுங்கிச் செய்கிற சிகிச்சையில் கடைவாய்ப்பற்கள் முன்னால் வருவதை அண்ணக் கம்பி பெரிதாகத் தடுக்கவில்லை என்று சொன்னது. ஸ்க்ரூ கட்சி இதைத்தான் எல்லா ஸ்லைடிலும் போடுகிறது. ஆனால் அது வேறு வேலை. அங்கே முன்பல் வரிசை முழுவதையும் பின்னால் இழுக்க வேண்டும், பல மடங்கு விசை, மாதக் கணக்கில். இங்கே ஒற்றைப் பல், அறுபது கிராம். லாரி இழுக்க முடியாத மாட்டை ஏர் உழவும் லாயக்கில்லை என்று சொல்லலாமா?

எதிர்க்கட்சியின் கையில் இருக்கிற நல்ல சீட்டையும் நானே எடுத்துப் போடுகிறேன். ஜெருசலேமின் பெக்கர் இந்தத் துறையில் பெரிய தலை. புதைந்த பற்களுக்கென்றே தனிப் புத்தகம் எழுதியவர். அவரும் சாவுஷுவும் மற்றவர்களும் 2010-ல் தோற்றுப்போன கேஸ்களை மட்டும் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். 28 பேர், 37 கோரைப்பற்கள். எங்கள் துறையில் ஜெயித்த கேஸை மட்டுமே படம் காட்டுவார்கள் என்பதால் இந்த ஒரு வேலைக்காகவே அவர்களுக்கு மாலை போடலாம். தோல்விக்குக் காரணங்களில் முதலிடம் போதாத ஆங்கரேஜ், 48.6 சதவீதம். "பாத்தியா, பாத்தியா!" என்று குதிப்பதற்கு முன் அடுத்த வரியையும் படியுங்கள். பல் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்துத் தப்பான திசையில் இழுத்தது, 40.5 சதவீதம். பல் எலும்போடு ஒட்டிப்போனது, 32.4. ஒரே கேஸில் ஒன்றுக்கு மேல் காரணம் இருந்திருக்கிறது, அதனால்தான் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது.

போதாத ஆங்கரேஜ் என்றால் கணக்குப் போடாத ஆங்கரேஜ் என்று அர்த்தம். ஸ்க்ரூ வைக்காத ஆங்கரேஜ் என்று அர்த்தம் இல்லை. தப்பான திசைக்கோ எந்த ஸ்க்ரூவிலும் மருந்து கிடையாது. பல்லைத் தப்பான திசையில் இழுக்கும்போது பிடிமானம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு ஆபத்து. கோரைப்பல்லின் தலை பக்கத்து முன்பல்லின் வேர் மேல் சாய்ந்திருக்கிறது, அதை நேராக வரிசைப் பக்கம் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். பிடிமானம் லொடலொடவென்று இருந்தால் பிடித்த பற்கள் கோணி, தப்பு சீக்கிரம் வெளியே தெரியும். பிடிமானம் கல் மாதிரி இருந்தால் பல் மாதக் கணக்கில் அந்த வேரில் அரைக்கும். வெளியே எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே வேர் போய்க்கொண்டிருக்கும்.

சரி, ஸ்க்ரூ எங்கே வேண்டும்? அதையும் சொல்லாமல் போனால் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன அதே கேஸில், முதல் கட்டமாகப் பல்லைப் பக்கத்து வேரிலிருந்து பின்னால் விலக்க வேண்டும். பின்னால் இழுப்பதுதான் அண்ணத்து ஸ்க்ரூவுக்குக் கைவந்த கலை ஆயிற்றே, அங்கே அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. விலக்கிய பிறகு இறக்குவதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடைவாய்ப்பற்களே இல்லாத, அல்லது ஈறு நோயால் ஆடிக்கொண்டிருக்கிற பெரியவர்களுக்கும் வேறு வழி குறைவு.

எனக்குப் பிடித்த உபயோகம் இன்னொன்று. முப்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார், பல் எலும்போடு ஒட்டியிருக்குமோ என்று சந்தேகம். ஒட்டின பல்லை மற்ற பற்களைப் பிடித்து இழுத்தால் அது வராது, மற்ற பற்கள்தான் அதை நோக்கிப் போகும். முன்வாய் மூடாமல் போய்விடும். வாய் முழுக்க க்ளிப் ஒட்டுவதற்கு முன்பே ஒரு ஸ்க்ரூவை வைத்துச் சில மாதம் இழுத்துப் பார்த்தால் பல் அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அசையாவிட்டால் ஒரு திருகோடு நஷ்டம் முடிந்தது. "ஸ்க்ரூவெல்லாம் எதுக்கு, நாங்க பாக்காததா" என்கிற சீனியர்களுக்கு இந்த ஒரு பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

இது ஏதோ இரண்டு கோஷ்டியின் வாய்க்கால் தகராறு, நமக்கென்ன என்று தோன்றலாம். பில்லைப் பார்த்தால் தோன்றாது. கோவையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. கோவை மருத்துவக் கல்லூரி 1966-லிருந்து இதே அவினாசி ரோட்டில் இருக்கிறது, ஆனால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும், 2023-லிருந்து புதுக்கோட்டைக்கும் போகலாம். க்ளிப் வைத்தியத்துக்கு அவ்வளவு தூரம் மாதா மாதம் யார் போவார்கள்? ஆகவே இங்கே மில் வேலைக்குப் போகிற அம்மாவும் பட்டறைக்குப் போகிற அப்பாவும் சொந்தக் காசில்தான் கட்டுகிறார்கள். க்ளிப் பில்லுக்கு மேலே ஸ்க்ரூவுக்குத் தனி ரேட். கழன்றால் மறுபடி வைக்க வேண்டும். வால்பாறையிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கழன்ற ஒரு திருகு என்றால் 40 கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் பள்ளி, ஒரு நாள் கூலி.

"ஏனுங்க டாக்டரு, இந்த ஸ்க்ரூ போட்டாத்தானுங்க பல்லு வருமுங்களா? இல்லாட்டி வராதுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். சூலூர்ப் பக்கம், ஆளைச் சொல்ல மாட்டேன், இடத்தையும் சொல்ல மாட்டேன். வேறு ஒரு இடத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் நான்கும் பாறை மாதிரி இருக்கிறது, கோரைப்பல் பக்கத்து வேரை விட்டு விலகித்தான் நிற்கிறது. என்ன காரணத்துக்கு ஸ்க்ரூ? எனக்குத் தெரிந்த ஒரே காரணம், கம்பி வளைக்க அரை மணி நேரம் ஆகும், ஸ்க்ரூ வைக்க ஐந்து நிமிஷம் போதும். டாக்டரின் நேரம் மிச்சம் என்பதை "மாடர்ன் ட்ரீட்மென்ட்" என்று பேர் வைத்து அந்த அம்மாவிடம் காசு வாங்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

வகுப்புத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்க்ரூ வைக்க ஒரு நாள் பயிற்சி முகாம் போதும், சர்டிஃபிகேட்டும் தருகிறார்கள், சுவரில் மாட்டலாம். விசைக்கோடு வரையக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆகும், அதற்கு யாரும் சர்டிஃபிகேட் தருவதில்லை. எதை எல்லோரும் கற்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும் :-(

இன்னொரு விஷயம் இந்தச் சண்டையில் யாருமே பேசுவதில்லை. பிடிமானமே தேவைப்படாத வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வின்சென்ட் கோகிச் 2004-ல் விரிவாக எழுதினார்: அண்ணத்துப் பக்கம் புதைந்த பல்லுக்கு மேலே இருக்கிற ஈறையும் எலும்பையும் சீக்கிரமே, க்ளிப் போடுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், ஆறு முதல் எட்டு மாதம் சும்மா இருங்கள், பெரும்பாலும் பல் தானாகவே இறங்கி வரும். இழுப்பது கிடையாது, ஆகவே ஆங்கரேஜும் கிடையாது. மாட்டைக் கயிறு போட்டு இழுப்பதற்குப் பதில் கதவைத் திறந்துவிடுவது. எல்லாக் கேஸுக்கும் பொருந்தாது, அண்ணத்துப் பற்களுக்கு மட்டும். இதற்கு முன் "ஈறைத் திறந்தே விடுவதா, மூடித் தைப்பதா" என்று ஒரு பெரிய சண்டை நடந்ததும், 2017-ல் காக்ரேன் தொகுப்பு இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக ஆதாரம் இல்லை என்று சொன்னதும் நினைவிருக்கலாம். எங்கள் ஆட்களுக்குச் சண்டை போட ஏதாவது ஒன்று வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வழி. எரிக்சனும் குரோலும் 1988-ல் பத்திலிருந்து பதின்மூன்று வயது வரையிலான 35 பிள்ளைகளில், அண்ணத்துப் பக்கம் வழி தவறிய 46 கோரைப்பற்களுக்கு ஒரே ஒரு காரியம் செய்தார்கள். மேலே இருந்த பால் கோரைப்பல்லைப் பிடுங்கினார்கள். 78 சதவீதம் தாமாகச் சரியான வழிக்கு வந்துவிட்டன. கோரைப்பல் பக்கத்து முன்பல் வேரின் நடுக்கோட்டைத் தாண்டாதவற்றில் 91 சதவீதம், தாண்டியவற்றில் 64. இந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள், நியாயம்தான். அதே ஸ்வீடனில் நவுமோவா குழு 2015-ல் முறையாகக் குலுக்கிப் பிரித்துச் செய்து பார்த்தது. பால்பல் பிடுங்கிய பக்கம் 69 சதவீதம் வந்தன, பிடுங்காத பக்கம் 39. வித்தியாசம் சும்மா இல்லை. ஒரு பால்பல் பிடுங்க எவ்வளவு ஆகும்? ஸ்க்ரூவின் பெட்டி விலை கூட வராது.

இதற்கு ஆள் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் ஆள்காட்டி விரலை வைத்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தால் சின்ன மேடு தட்டுப்படும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் தட்டுப்படாவிட்டாலோ, பத்து பதினொரு வயதாகியும் இரண்டு பக்கமும் தட்டுப்படாவிட்டாலோ ஒரு எக்ஸ்ரே. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருடம் ஒரு முறை போகின்றன, அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல்லும் இருக்கிறது. பல் கல்லூரிகளும் பள்ளிகளில் கேம்ப் போடுகின்றன. நானும் போயிருக்கிறேன். சொத்தைப்பல் எண்ணுவோம், பேஸ்ட் கொடுப்போம், பேனர் பிடித்து ஃபோட்டோ எடுப்போம், திரும்பி வருவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உதட்டைத் தூக்கி விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு படிவத்தில் கூட நான் ஒரு கட்டம் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்குப் பத்து விநாடி ஆகும்.

வருகிற கேம்ப்புக்கு அந்தக் கட்டத்தை நானே பேனாவால் வரைந்துகொண்டு போவதாக இருக்கிறேன். ஸ்க்ரூ கட்சியிலிருந்து சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் ஒரு கேஸை எடுத்துக்கொண்டு, அதன் எக்ஸ்ரே மேல் விசைக்கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டு வரவும். டீ என் கணக்கு.